கூத்தர் பையும் கூத்து மேளமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதந்தோறும் கூடிக் கவிதை படித்து, படித்ததைத் திறனாய்ந்து, மாற்றுக் கருத்துக்கும் இடங்கொடுத்துப் பத்தாண்டுகளைக் கடப்பது எந்த அமைப்பிற்கும் எளிதன்று. அதனைச் செய்து காட்டிய உங்கள் அனைவரையும் முதற்கண் வாழ்த்துகிறேன். விழாக் குழுவினர் எனக்கு அளித்த பொருள், நம் வட்டாரத்து இசைக்குழுவினரும் அவர்தம் இசைப் பின்புலமும் என்பது. இசை பற்றிப் பேச இசைவாணரை அன்றோ அழைத்திருக்க வேண்டும், தமிழ் கற்பிக்கும் ஒருத்தியை ஏன் அழைத்தனர் என்று உங்களுள் சிலர் எண்ணலாம். நம் மலைப்பகுதியை ஒட்டி நடந்த ஓர் இசைக்குழுவைப் பற்றிய மிகப் பழைய செய்தி நம் இலக்கியத்தில்தான் இருக்கிறது. அந்தத் துணிவிலேயே இம்மேடையில் நிற்கிறேன்.

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாத்தையே குறிப்பிடுகிறேன். கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். 583 அடிகளை உடையது. ஆற்றுப்படை நூல்கள் ஐந்தனுள் அளவால் பெரியது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இதனைப் பாடினார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னன். அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. நவிரமலையைப் பருவதமலை எனக் கொள்வர். பாட்டு நம் கல்வராயன் மலையைப் பெயர் சொல்லிப் பாடவில்லை என்பது உண்மையே. ஆயினும் பெண்ணையாற்றுக்கு வடபால் செங்கம், தென்பால் கல்வராயன் என இரண்டும் அண்டை நிலங்கள். அங்கே தினையும் தேனும் அருவியும் எனில் இங்கும் அவையே. ஆகவே அப்பாட்டில் நடந்து செல்லும் கூத்தரை நம் அயலூரார் என்று உரிமையோடு சொல்லலாம்.

பாட்டின் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். பெருங்கௌசிகனார் மன்னனிடமிருந்து தொடங்கவில்லை, மலையிலிருந்தும் தொடங்கவில்லை. கூத்தர் தோளில் சுமந்து வரும் கருவிப் பையிலிருந்து தொடங்குகிறார். அப்பையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நம் முன் வைக்கிறார். மழைவானின் முழக்கம் போன்று ஒலிக்கும், வாரால் இறுக்கிக் கட்டப்பட்ட முழவு. அதனுடன் ஆகுளி என்னும் சிறுபறை. உருக்கித் தகடாக்கிய பாண்டில் என்னும் தாளம். மயிற்பீலி அணிந்த கொம்பு. யானை உயிர்ப்பது போன்ற ஓசையுடைய நெடுந்தூம்பு. இளி என்னும் சுரத்தை ஒலிக்கும் குறுந்தூம்பு. பாடுவோர் குரலைப் பற்றிக்கொண்டு தொடரும் இனிய குழல். இவற்றின் நடுவே நின்று ஒலிக்கும் தட்டை. வலிய வாயை உடைய எல்லரி. காலத்தை அளந்து காட்டும் பதலை. இப்பத்தும் இன்னும் பிறவும் அடங்கிய பைகள், கார்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவது போல் காவடியின் இருபுறமும் எடை ஒத்துத் தொங்குகின்றன என்று முடிக்கிறார் புலவர்.

கவிஞர்களாகிய நீங்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இது வெறும் பெயர்ப்பட்டியலா? பட்டியல் என்றால் பத்துப் பெயர்கள் போதும். இரண்டு அடியில் முடிந்திருக்கும். புலவர் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வேலையைச் சொல்கிறார். எது முழங்குவது, எது சுருதிக்குரியது, எது குரலைத் தொடர்வது, எது காலத்தை அளப்பது என்று பிரித்துச் சொல்கிறார். குழுவில் யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார், யார் ஓசையை யார் தாங்குகிறார் என்பது தெரிந்தவரால்தான் இவ்வாறு எழுத முடியும். அவர் கூத்தரைத் தொலைவில் நின்று பார்த்தவர் அல்லர். அருகில் அமர்ந்து கேட்டவர் என்பது வெள்ளிடைமலை.

கருவிகளுக்குப் பின் ஆட்கள் வருகிறார்கள். குழுவை நடத்தும் தலைவன் வருகிறான். மலைவழியில் நடந்து மெல்லடி நொந்த விறலியர் வருகின்றனர். பேரியாழின் உறுப்புகள் தனித்தனியே விரித்துரைக்கப்படுகின்றன. இவர்கள் யாவரும் ஆட்டமும் பாட்டும் கற்ற ஒரே சுற்றத்தார். எந்த நிலத்தில் எந்தப் பண்ணைப் பாட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மலைச்சாரலில் குறிஞ்சி பாடிக் கடவுளை வாழ்த்திச் செல்க என்று புலவர் அவர்களுக்கு வழி சொல்கிறார். சிற்றூர்களில், நாங்கள் நன்னனிடம் செல்லும் கூத்தர் என்று சொன்னால் போதும். சொந்த வீட்டில் நுழைவது போல் நுழைந்து தினைச்சோறும் ஊனும் பெறலாம் என்கிறார். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், வழுக்கும் பாறை எது, ஆறு எங்கே ஆழம் என்பன எல்லாம் சொல்லப்படுகின்றன. வழிநடைக் கலைஞரின் வாழ்வு எத்துணை இடர் நிறைந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறும் பழம்பாட்டை நான் அறியேன்.

பாட்டின் நடுப்பகுதியில் மலையே ஓர் இசைக்குழுவாகிறது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை மதமாகவும் கொண்டதால்தான் இந்நூலுக்கு மலைபடுகடாம் என்று பெயர். அருவியின் ஓசை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஒலி, கிளி ஓட்டும் தட்டையின் ஒலி, பன்றியை விரட்டும் பறையின் ஒலி, யானையைப் பழக்குவோர் பேச்சு, குட்டியை இழந்த மந்தியின் அரற்றல் என்று அது நீள்கிறது. புலி தாக்கிப் புண்பட்ட கணவனின் நோவு தணிய மனைவி பாடும் பாட்டும் அதில் ஒன்று. மான்தோல் போர்த்த சிறுபறை ஒலிக்க மலைமக்கள் ஆடும் குரவையும் ஒன்று. மேடையேறிக் கூத்து நிகழ்த்துவோர் மட்டும் இசைஞர் அல்லர்; உலக்கை பிடித்த பெண்ணும் இசை அறிந்தவளே என்பது இப்பகுதியால் விளங்கும். கச்சிராயபாளையம் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும்போது பெரியார் அருவியின் ஓசையைக் கேட்டவர்களுக்கு, சாமையும் தினையும் குற்றிய கைகளைப் பார்த்தவர்களுக்கு, இப்பகுதியை நான் விளக்க வேண்டுவதில்லை. மாவு அரைக்கும் இயந்திரம் ஊருக்கு வந்தபின் உலக்கைப் பாட்டுக்கு வேலை இல்லாமற் போயிற்று. உழைப்பு எளிதானது நல்லதே. பாட்டு எழுதி வைக்கப்படாமல் போனதுதான் இழப்பு.

இனி, என் உரையின் மையத்திற்கு வருகிறேன். இவ்வளவு நுட்பமாகப் பாடிய பாட்டில் ஒரு குறை இருக்கிறது. மன்னன் பெயர் இருக்கிறது. அவன் தந்தை பெயர் இருக்கிறது. மலையின் பெயரும் ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் இருக்கின்றன. புலவர் பெயரை ஏடு காத்து வைத்திருக்கிறது. முழவு முழக்கியவன் பெயர் என்ன? யாழ் இசைத்தவன் எவன்? நாயின் நாவைப் போல் மென்மையான அடி நோக நடந்தாள் என்று புலவர் இரங்கிச் சொன்ன அந்த விறலி யார்? ஒருவர் பெயரும் இல்லை. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் மரபு அது. குறிப்பிட்ட ஒருவரை அன்றிக் கூத்தர் என்னும் இனத்தையே அது பாடுகிறது. மரபு நமக்குத் தெரியும். ஆயினும் அந்த மரபால் நாம் இழந்தது இன்னது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் இல்லாமல் ஒலி மட்டும் எழுத்தில் நின்றால் என்னவாகும்? நச்சினார்க்கினியர் காலத்திலேயே அக்கருவிகள் பலவற்றுக்குப் பொருள் எழுத வேண்டியதாயிற்று. ஆகுளி என்றால் சிறுபறை என்றார். பாண்டில் என்றால் கஞ்சதாளம் என்றார். தட்டைக்குக் கரடிகை என்று பொருள் கூறினார். தம் காலத்தார் அறிந்த கருவியைச் சொல்லி விளக்கினார் அவர். இன்று வகுப்பறையில் கரடிகை என்றால் என்ன என்று மாணவர் கேட்கின்றனர். உரைக்கே உரை வேண்டியிருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டுக் காத்தார். ஏடு பிழைத்தது, எல்லரியின் ஓசை பிழைக்கவில்லை. யாழின் கதையும் இதுவே. வழக்கொழிந்துபோன அக்கருவியின் இலக்கணத்தை நூல்களிலிருந்தும் கணக்கீட்டிலிருந்தும் மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்தார். அவருடைய யாழ்நூல் 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். ஒரு கருவியை வாசித்த கடைசி மனிதரிடம் ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் சில நாள்களில் தெரிந்திருக்கக் கூடியதை அறிய, ஓர் அறிஞரின் வாழ்நாளில் பெரும்பகுதி செலவாயிற்று.

இதற்கு நேர் எதிரான ஒரு பதிவும் தமிழகத்தில் உண்டு. அது கல்லில் இருக்கிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் 1014-ஆம் ஆண்டளவில் பொறித்த கல்வெட்டு, கோயிலில் ஆடவும் பாடவும் அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் அவர் இருந்தார் என்று சொல்கிறது. முன்பு எந்த ஊரில், எந்தக் கோயிலில் பணி செய்தார் என்றும் சொல்கிறது. திருவாரூரிலிருந்து வந்தவர் உண்டு. பழையாறையிலிருந்து வந்தவர் உண்டு. ஒருவருக்குப் பங்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல் நூறு கலம். நட்டுவம் செய்வார், வங்கியம் ஊதுவார், உடுக்கை வாசிப்பார், கொட்டிமத்தளம் முழக்குவார் என இசைஞரும் அதில் இடம் பெறுகின்றனர். குழுவினரும் அவர்தம் பின்புலமும் என்று விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்புக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட கட்டுரை அது எனலாம்.

அக்கல்வெட்டில் இன்னொரு செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. பணி செய்தவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ அப்பங்கு அவருடைய உறவினருக்குச் செல்லும். அவ்வுறவினருக்குத் தகுதி இல்லையெனில், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பணி செய்விக்க வேண்டும். உரிமை பிறப்பு வழி வந்தாலும் கலைக்குத் தகுதி வேண்டும் என்பதை அன்றே எழுதி வைத்திருக்கின்றனர்.

ஆயினும் கல்லுக்கும் ஒரு குறை உண்டு. நானூறு பெயர்கள் உள்ளன. அவர்கள் ஆடிய ஆட்டம் எப்படி இருந்தது, அம்மத்தளம் எப்படி முழங்கியது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. பெருங்கௌசிகனாரின் பாட்டில் ஒலி இருக்கிறது, பெயர் இல்லை. இராசராசனின் கல்லில் பெயர் இருக்கிறது, ஒலி இல்லை. இரண்டையும் ஒரே ஏட்டில் வைக்கும் வாய்ப்பு முற்காலத்தாருக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. அந்த வாய்ப்பை யாருக்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்பதே என் கேள்வி.

நம் மண்ணின் கூத்து மேளத்தாருக்காக என்பது என் விடை.

இது தெருக்கூத்து வாழும் நிலம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, கபிலர் குன்று நிற்கும் திருக்கோவலூரும் கூத்தாண்டவர் வீற்றிருக்கும் கூவாகமும் இம்மாவட்டத்தில் அமைந்தன. சித்திரையில் கூவாகத்தில் திருநங்கையர் கூடி அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் விழாவை நாடே அறியும். அங்குக் கோயில் கொண்ட தெய்வத்தின் பெயரிலேயே கூத்து இருக்கிறது. திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதம் படித்தலும் இரவில் கூத்து ஆடுதலும் நம் வடமாவட்டங்களின் பழைய வழக்கம். இரவு பத்து மணியளவில் தொடங்கும் ஆட்டம் பொழுது புலரும்வரை நிகழும்.

ஆட்டம் தொடங்குமுன் மேளக்கட்டு நிகழும். ஆட்டக்காரர் எவரும் வருமுன்னர், களத்தின் பின்புறம் அமர்ந்த மேளத்தார் கருவிகளை முழக்கி ஊரை அழைப்பர். முதலில் கருவி, பிறகு ஆள் என்னும் மலைபடுகடாத்தின் வரிசை இன்றும் அங்கே மாறவில்லை. மிருதங்கமும் டோலக்கும் முழவின் இடத்தில் இருக்கின்றன. கைத்தாளம் பாண்டிலின் இடத்தில் இருக்கிறது. முகவீணை, குழலின் இடத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர் ஓரடி பாடி முடித்ததும் அதே அடியை முகவீணை தன் குரலில் பற்றித் தொடர்கிறது. பாடுவோர் குரலைக் குழல் பற்றித் தொடரும் என்று பெருங்கௌசிகனார் சொன்ன இலக்கணம் இதுவன்றோ! வகுப்பில் அவ்வடிக்குப் பொருள் சொல்லும்போது நான் மாணவரிடம், திருவிழாவில் ஓர் இரவு கண்விழித்துவிட்டு வாருங்கள் என்றே சொல்வதுண்டு.

மேளத்தில் நடுவே இருக்கும் ஆர்மோனியத்தின் பின்புலம் விந்தையானது. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய கருவி அது. பாதிரிமார் வழியாக இந்தியாவுக்கு வந்து, கையால் துருத்தி இயக்கும் வடிவம் பெற்று, நாடக மேடைகளில் ஏறி, அங்கிருந்து கூத்துக் களத்திற்கு இறங்கியது. நம் இசைக்கு ஒவ்வாத கருவி என்று கூறி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த முப்பது ஆண்டுகளும் கூத்து மேளத்தார் அதனைத் தலையில் சுமந்து ஊர் ஊராகச் சென்றனர். எது தமிழிசைக் கருவி என்னும் வழக்கில் அவர்கள் வாதாடவில்லை, வாசித்தார்கள்.

இவர்களின் இசைப் பயிற்சி எங்கிருந்து வருகிறது? ஒரே வழியில் வருவதில்லை. தந்தையோ பாட்டனோ கூத்தில் இருந்ததால் சிறுவயதிலேயே தாளம் பிடித்து மேளத்துக்கு வந்தவர் உண்டு. கோயில் மேளத்திலும் திருமண மேளத்திலும் வாசித்த நாகசுரக் குடும்பத்திலிருந்து முகவீணைக்கு வந்தவர் உண்டு. பஜனை மடத்தில் மிருதங்கம் பழகியவர் உண்டு. நாடகக் குழுவில் ஆர்மோனியம் கற்றவர் உண்டு. வாத்தியார் வீட்டில் தங்கி, பகலில் காடு கழனி வேலை செய்து, இரவில் பாடம் கேட்டவர் உண்டு. எழுதப்பட்ட சுரக்குறிப்பு இவர்களிடம் பெரும்பாலும் இராது. முழுப் பாரதத்தின் பாட்டும் தாளமும் நெஞ்சில் இருக்கும். ஒரு மேளத்தின் நான்கைந்து பேரிடம் கோயிலும் மடமும் நாடகக் கொட்டகையும் வயற்காடும் ஒருங்கே வந்து சேர்ந்திருப்பதைக் காணலாம். கல்லூரிப் பாடத்திட்டம் எதுவும் தராத சேர்க்கை அது.

இக்கலையின் பெருமையை ஊரறியச் செய்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். செய்யாற்றுப் பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் ஆடிய கூத்து, 1970-களில் எழுத்தாளர் ந. முத்துசாமியை ஈர்த்தது. அவர் அதுபற்றி எழுதிய கட்டுரைகளும், 1977-இல் தோன்றிய கூத்துப்பட்டறையும் நகரத்தார் கண்ணைக் கூத்தின்பால் திருப்பின. பெருங்கட்டூர் பி. இராஜகோபால் தம் தந்தையிடமிருந்து பெற்ற கலையைப் பரப்பினார். 1990-இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்க முன்னின்றார். அவரும் அவருடைய துணைவியாரான ஆய்வாளர் ஹன்னே டி புருயின் அவர்களும் 2002-இல் தொடங்கிய குருகுலத்தில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பள்ளிப் படிப்போடு ஆட்டமும் மேளமும் பயின்றனர். அக்குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. அங்குப் பயின்ற பெண்கள் கூத்துக் களத்தில் கால் வைத்தது மரபில் ஒரு திருப்பம். விறலியர் மீண்டும் குழுவில் சேர்ந்தனர் என்று இலக்கிய மாணவியாகிய நான் அதனைப் புரிந்துகொள்கிறேன்.

பின்புலம் என்னும் சொல்லில் ஒரு முள்ளும் உண்டு. அதனை மறைத்துப் பேசினால் இத்தலைப்புக்கு நான் நேர்மை செய்தவள் ஆகேன். நம் ஊர்களில் ஓர் இசைஞரின் பின்புலம் என்ன என்று கேட்டால், அவர் யாரிடம் கற்றார் என்று கேட்பவர் சிலர். எந்தத் தெரு என்று கேட்பவர் பலர். கூத்தாடுதலும் மேளம் வாசித்தலும் பறை முழக்குதலும் நெடுங்காலம் ஊர்ப்பணியாகப் பணிசெய்யும் குடிகளின் மேல் சுமத்தப்பட்டிருந்தன. அதற்குப் படி நெல் கிடைத்தது. மதிப்பு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. தொல்காப்பியமோ பறையை ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. மலைபடுகடாத்தில் குரவை ஆடும் மலைமக்களின் கையிலும் பறை இருக்கிறது. புனம் காப்போர் கையிலும் இருக்கிறது. அனைவர்க்கும் பொதுவாக இருந்த கருவி, பின்னர் ஒரு சாராரின் பிறப்பு அடையாளமாக்கப்பட்டது வரலாற்றின் கொடுமை.

அக்கொடுமையை இசையாலேயே எதிர்கொண்ட குழு ஒன்றும் நம் காலத்தில் தோன்றியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசைப் பொறுப்பில் உருவாகி, 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்பதே அது. சாதி பேதமற்ற என்று பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த சிந்தனையிலிருந்து அதன் பெயர் வந்தது. சாவு வீடுகளில் கானா பாடியவர்கள், பறை இசைப்பவர்கள், ராப் பாடுபவர்கள், கிதார் வாசிப்பவர்கள் ஒரே மேடையில் நின்றனர். அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு, தானே எழுதித் தானே பாடினார். ஆண்களே பெரிதும் பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணி, 2020-இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இக்குழுவில் ஒவ்வொருவர் பெயரும் தெரியும். எங்கிருந்து வந்தார், எதைக் கற்றார் என்பதும் தெரியும். பாட்டும் பதிவாகி இருக்கிறது. மறைக்க வேண்டியது என்று சொல்லப்பட்ட பின்புலத்தை அவர்கள் தங்கள் கலையின் முகவரியாக மாற்றினர். அது மாநகரில் நிகழ்ந்தது. கேமராவும் பத்திரிகையும் அருகில் இருந்தன. கல்வராயன் அடிவாரத்து மேளக்காரருக்கு அவை அருகில் இல்லை, நாம் இருக்கிறோம்.

நான் கண்ட திருவிழா அறிவிப்புகள் பலவற்றில் விழாக் குழுவினர் பெயர் இருக்கும்; நன்கொடையாளர் பெயர் இருக்கும்; நாடகத்தின் பெயரும் வாத்தியார் பெயரும் இருக்கும். மேளத்தார் பெயரைத் தேடினால் மேளம் என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடும். ஆற்றுப்படைக் காலத்து மரபு அச்சுக்கூடம்வரை தொடர்ந்து வந்திருக்கிறது. இதற்கிடையில் முகவீணை வாசிப்போர் அருகி வருகின்றனர். அதன் இடத்தை ஆர்மோனியமும் மின்விசைப் பலகையும் நிரப்புகின்றன. முகவீணையின் கடைசி இசைஞரும் ஓய்ந்தபின், முகவீணை என்றால் என்ன என்று நம் பேரப்பிள்ளைகளின் மாணவர் கேட்பர். குறுங்குழல் வகை என்று அகராதி விடை சொல்லும். கரடிகைக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும்.

ஆகவே, இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியை முன்மொழிய விரும்புகிறேன். மாதக் கூட்டத்தில் ஓர் அரைமணி நேரத்தை நம் வட்டாரத்து மேளக் கலைஞர் ஒருவருக்கு ஒதுக்குவோம். அவருக்கு உரிய சன்மானம் அளித்து, அவர் இசைவு பெற்று, அவர் பெயர், ஊர், ஆசிரியர் பெயர், அந்த ஆசிரியரின் ஆசிரியர் பெயர், கருவி, அதற்குத் தோல் கட்டியவர், சீவாளி செய்தவர், அவருக்குத் தெரிந்த நாடகங்கள், பாட்டுகள் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதுவோம். அப்பக்கத்தை எழுதுபவர் ஒரு கவிஞராக இருக்க வேண்டும். அக்கருவியின் ஓசையைத் தம் சொல்லில் அவர் எழுத வேண்டும். இனிமையாக இருந்தது, உள்ளத்தை உருக்கியது என்பன போன்ற தேய்ந்த தொடர்கள் கூடா. பெருங்கௌசிகனார் செய்ததுபோல், அக்கருவி குழுவில் என்ன வேலை செய்கிறது, யாரைத் தாங்குகிறது என்பது தெரியும்படி எழுத வேண்டும். வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்து பேரேட்டோடு சேர்த்து வைப்போம். வெள்ளிமலைக்கும் சென்று, உலக்கைப் பாட்டும் ஏற்றப்பாட்டும் நினைவில் வைத்திருக்கும் தாய்மாரிடமும் கேட்போம். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. இந்த அவையில் இருப்போரின் ஆர்வமும், மாதத்தில் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

இதனால் கவிஞர்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். புதுக்கவிதை எழுதுவோராயினும் மரபுக்கவிதை எழுதுவோராயினும் நம்மில் பலர் இசையைப் பற்றி எழுதும்போது யாழையும் குழலையும் விட்டு வெளியே வருவதில்லை. நாம் யாழைக் கேட்டவர்கள் அல்லர். நம் தெருவில் விடிய விடிய ஒலித்த மிருதங்கத்தைக் கேட்டவர்கள். கேட்ட ஓசையை எழுதுவதற்குச் சொல் தேடும்போதுதான் மொழி வளர்கிறது. பெருங்கௌசிகனார் ஒரு பையைத் திறந்து பத்துக் கருவிகளுக்குப் பத்து விதமான சொற்களைத் தேடியதால் தமிழ் பெற்ற செல்வம் எத்துணை என்று எண்ணிப் பாருங்கள்.

பத்தாண்டு கழித்து இவ்வட்டம் வெளியிடவிருக்கும் மலரில் கவிஞர்களின் பெயர்வரிசைக்குப் பக்கத்தில், இம்மாவட்டத்து முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளக் கலைஞர்களின் பெயரும் ஊரும் ஆசிரியர் பெயரும் அச்சாகி இருக்க வேண்டும். அதற்கான முதற்பக்கத்தை அடுத்த மாதக் கூட்டத்திலேயே எழுதத் தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பேரேடு எழுதும் குழுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.